கேட்டில் போய் நின்ற ஸ்கூட்டர்

என்னங்க,

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு மருந்து ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. ஸ்கூட்டர் சாவியைத் தேடாதீர்கள், நான் எடுத்துப் போகிறேன். பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டேன்.

"டிஸ்க் பிரேக்கெல்லாம் உனக்குப் புரியாது" என்று சொல்லிக்கொண்டே நேற்று ஸ்கூட்டருக்குப் பிரேக் பேடு மாற்றும்போது பாடம் எடுத்தீர்கள். புரிந்தது. புது பேடு மாட்டியதும் லீவரை நாலைந்து தடவை அழுத்தி, இறுகிய பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். இதைச் சொன்ன கையோடு, அழுத்தாமலே கிளம்பிக் கேட்டில் போய் நின்றீர்கள். கேட்டைச் சாத்தி வைத்தது நான் என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மாடி வீட்டுக்காரர் இன்று காலை பைக்கோடு வருவார். "சார் கையாலதான் பேடு மாத்தணும்" என்கிறார். கேட் காற்றில் சாய்ந்தது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பி.கு: அவர் கிளம்பும் முன் லீவரை நீங்களே அழுத்திப் பாருங்கள். உங்களை நிறுத்தக் கேட் இருந்தது. அது இப்போது வெல்டிங் கடையில் இருக்கிறது. அவரை நிறுத்த ரோட்டில் லாரிதான் இருக்கிறது.