அப்பாவின் கித்தாரும் என் இடது கையும்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
1936-ம் வருஷம், மே மாதம்

அன்பு மகள் செலின் மேரிக்கு உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா காவலில் இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானா என்று அறிய ஆசை. சுகம் என்கிற வார்த்தையை இந்தத் தடவை நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும், போன கடிதத்திலும் அதையேதானே எழுதினேன். நம் தெரு அல்போன்ஸ் கப்பலை விட்டு இறங்கி உன் வீட்டில் காப்பி குடித்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் போலிருக்கிறது. சொல்லாதேடா என்று அத்தனை தடவை சொல்லி அனுப்பினேன், அவன் வாயில் நெல் போட்டால் பொரியும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், மனசு கலங்கினால் பால் வற்றிவிடும் என்றுதான் மறைத்தேன், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய், கை ஆறிவிட்டதா, அப்பா கித்தார் வாசிக்கிறாரா, நான் புறப்பட்டு வரட்டுமா என்று. கை ஆறிவிட்டது. பொங்கல் கழிந்து பக்கத்து வயல் சுப்புராயனின் மாட்டு ஆலையில் உருளைக்குக் கரும்பு கொடுக்கிற ஆள் வரவில்லை என்று உன் அப்பா போய் உட்கார்ந்தார், யாரும் கூப்பிடவில்லை, சும்மா இருக்கத் தெரிந்தால்தானே. பேச்சு சுவாரசியத்தில் கரும்போடு இடது கையும் உருளைக்குள் போய்விட்டது. சுப்புராயன் பாய்ந்து மாட்டை மறித்து நிறுத்தாவிட்டால் முழங்கை வரைக்கும் போயிருக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள், நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. பாவம் அந்த சுப்புராயன், தன் ஆலையில் நடந்துவிட்டதே என்று வெல்லம் எடுத்துக்கொண்டு வருவார், வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார், கடைசியில் அவருக்கு நான்தான் ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், நீ வரவேண்டாம், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு கடல் பிரயாணம் ஆகாது. நடுக் கேள்விக்குத்தான் பதில் நீளம், அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படி.

என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்த சொல்தா, ஒரு பெட்டியும் அந்தக் கித்தாரும்தான் அவர் கொண்டுவந்த சொத்து. சைகோன் பட்டாள பாரக்கில் யாரோ கோர்ஸ் தீவு வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தானாம், எல்லாத் தந்தியையும் ஒரே அடியாக விறாண்டிக்கொண்டு காலால் தரையை உதைப்பார், நம் வீட்டுக் கோழி எல்லாம் அடுத்த வீட்டில் போய் முட்டையிட்டது. அதுதான் வாசிப்பு என்று நான் பயந்துபோனேன். அப்புறம் ஒரு வருஷம் வில்லியனூர்த் தேருக்கு நாயனம் கேட்கப் போய்விட்டு வந்தவர், அந்த வளைவு இதிலும் வரவேண்டும் என்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அறுத்தார், வீடு முழுக்கக் கம்பி, என் காலில் குத்தாத நாளில்லை. நம் மாதா கோயில் ஆர்மோனியம் பழுதானபோது பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார், அன்றிலிருந்து பூனை நடக்கிற மாதிரி ஒவ்வொரு தந்தியாகத் தொட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார், நீ பாடகர் குழுவில் நின்று பாடினது அந்த வாசிப்புக்குத்தான். எப்படி வாசித்தாலும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும் பார், பல் தெரியாத சிரிப்பு, அது என்னைப் பார்த்து வந்ததில்லை என்று எனக்கு வயிற்றெரிச்சல். அதனால்தான் நான் அதைச் சக்களத்தி என்றே கூப்பிட்டேன், உனக்கும் அது தெரியும்.

கையில் கட்டு பிரித்த கொஞ்ச நாளில் பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்துவிட்டது. தபசில் வாத்தியம் கிடையாது, கடைசி நாட்களில் கோயில் மணிகூட அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுகிறவர்கள் நாம், உன் அப்பா வாசிக்கவில்லை என்றால் யாருக்கு வித்தியாசமாகத் தெரியும். சொல்தா பக்தியாக இருக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. எனக்கு மட்டும்தான் தெரியும் மகளே. இருக்கிற ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், தந்தி அழுத்திக் காய்ப்புக் காய்த்திருந்த இடம் தோல் உரிந்து குழந்தை விரல் மாதிரி ஆகிவிட்டது. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். சேசு உயிர்த்த பாஸ்கு வந்தது, ஊரெல்லாம் அல்லேலூயா, ஆணியில் மாட்டின கித்தார் இறங்கவில்லை. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. பாஸ்கு முடிந்த வாரம் கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கித்தாரை எடுத்துக்கொண்டு போங்கள், கோயில் பிள்ளைகள் யாராவது பழகட்டும் என்று சொல்லிவிட்டார். சக்களத்தி வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் நான் சர்க்கரை அல்லவா கொடுக்கவேண்டும். கொல்லையில் போய் நின்று அழுதேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தூசி துடைக்கிறேன் என்று அதை இறக்கினேன். போகிற பொருளை ஒரு தடவை தொட்டுத்தான் அனுப்புங்களேன் என்று அவர் மடியில் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் வலது கையால் தந்தியைத் தட்டினார், இடது கை பிடிக்காத தந்தி எப்படி இருக்கும், எல்லா அடிக்கும் ஒரே சத்தம், வாய் பேசாதவன் கூப்பிடுகிற மாதிரி. உன்னைத் தூங்க வைக்க வாசிப்பாரே அந்தப் பாட்டைத்தான் அடிக்கிறார் என்று கை போகிற போக்கில் தெரிந்துவிட்டது, பாட்டுதான் வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இடது பக்கம் மணையைப் போட்டு உட்கார்ந்து, அவர் விரல் வழக்கமாக எங்கே போகுமோ அங்கே என் இடது கை விரலை வைத்தேன். டொப்பென்று கேட்டது. நல்லா அழுத்திப் புடிடி என்றார். வந்து எத்தனை நாளாயிற்று அந்தக் குரல். அழுத்தினேன், அரிவாள்மணையில் விரலை வைத்த மாதிரி இருந்தது, ஆனால் பாட்டு வந்தது, முதல் அடி மட்டும், திக்கித் திக்கி. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இன்னாடி இது, உனக்கு யார் சொல்லிக் குடுத்தது என்றார். இத்தினி வருசமா எதிர்ல உக்காந்து அரிசி பொறுக்கினேனே, எனக்கு இன்னா கண்ணு இல்லியா என்றேன். அந்தச் சிரிப்பு வந்தது செலின், பல் தெரியாத சிரிப்பு, என்னைப் பார்த்து.

மறுநாள் உபதேசியார் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார் கித்தாரைச் சுற்ற. நாங்கள் இரண்டு பேரும் கித்தாரும் கையுமாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார். சண்டை இப்போதும் உண்டு. ஆள்காட்டி விரலால் அவர் ஒரு தந்தியைப் பிடிப்பேன் என்பார், மீதி என்னுடையது, இரண்டு கையும் இடித்துக்கொள்ளும். நான் மாற்றி மாற்றி வைப்பதற்குள் அவர் வலது கை காத்திருக்கவேண்டும், அவர் எங்கே காத்திருந்தார் வாழ்க்கையில், இப்போது காத்திருக்கிறார். பழைய விறாண்டலும் கிடையாது, நாயன வளைவும் கிடையாது, பூனை நடையும் கிடையாது, இது நாலாவது வாசிப்பு, மாட்டு வண்டி மேட்டில் ஏறுகிற வேகம். என்னால் உங்கள் வாசிப்பு கெட்டுப்போச்சே என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கு அவர், முன்னெல்லாம் வெரலு ஓடும், அதும் பின்னால நானு ஓடுவேன், இப்பத்தான்டி பாட்டு காதுல வுழுது என்றார். நான் ஒரு இடத்தில் எப்போதும் விரலைக் கித்தாரில் ஒரு கட்டை தள்ளி வைத்துவிடுகிறேன், அதைத் திருத்தவேண்டாம், அப்படியே இருக்கட்டும், அது நல்லாக்கீது என்கிறார். மே பிறந்தால் மாதா மாசம், அதற்குக் கோயிலில் வந்து வாசியுங்கள் என்று சாமியார் சொல்லி அனுப்பினார், நான் முடியவே முடியாது என்றுவிட்டேன், புருஷன் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து ஊர் முன்னால் வாசிக்க எனக்கு வெட்கமாக இருக்காதா. சுப்புராயன் மட்டும் நாங்கள் வாசிப்பதை வாசலில் நின்று கேட்டார், இப்போது வந்தால் அவர் பேசுகிறார், பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஆகையால் உன் நடுக் கேள்விக்குப் பதில், அப்பா தனியாக வாசிக்கிறதில்லை, நாங்கள் வாசிக்கிறோம். குழந்தைக்கு சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், தலைக்குக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகை காட்டு. மாப்பிள்ளை வெளியே சாப்பிடுவதைக் குறைக்கச் சொல். ஊருக்கு யாராவது கப்பலேறினால் கித்தார்த் தந்தி கொடுத்தனுப்பு, மெல்லிசாக இருப்பதுதான் வேண்டும், தடிப்பானது என் விரலை அறுக்கிறது. மறந்துவிடாதே, அப்பா கேட்டதாக நினைக்கவேண்டாம், கேட்பது நான்.

இன்னொன்று. நேற்று கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி பிடிக்காமல் இறக்கிவிட்டேன், வலது கைதான் சுட்டது, இடது விரல் நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை. தடவிப் பார்த்தால் காய்ப்புக் காய்த்திருக்கிறது. நீ பிறந்த புதிதில் அப்பா உன் கன்னத்தைத் தொட்டால் அந்த விரல் சொரசொரப்புக்கு வீறிட்டு அழுவாய், நான் அவரைத் திட்டுவேன். நீ ஊருக்கு வரும்போது உன் பிள்ளை நான் தொட்டு அழுதால் என்னைத் திட்டாதே.

மாதாவின் நிழல் உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மதலேன் சவரிநாதன்