பட்டக்கா

சேலம்
4 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு, மரியா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? இந்தப் பார்சலில் ஒரு பட்டுச்சேலை இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று ராபர்ட்சன்பேட்டையில் ஆளாளுக்கு உங்களைப் ‘பட்டக்கா’ என்று கூப்பிட்டார்களே, பட்டின் மீது அவ்வளவு பிரியமா! செப்டம்பரில் எனக்கும் நோயலுக்கும் நடக்கும் கல்யாணத்துக்கு இதைத்தான் கட்ட வேண்டும்.

உங்கள் வருங்கால மருமகள்,
மரியா

சாம்பியன் ரீப்ஸ்
கோலார் தங்கவயல்
11 ஜூன்

மரியாக் கண்ணுக்கு,

சேலை கொள்ளை அழகு. ஆனால் உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். என்னிடம் பட்டுச்சேலையே கிடையாது மகளே. மனதில் பட்டதைப் பட்டுன்னு சொல்லிவிடுவேன், அதனால்தான் பட்டக்கா. ‘இன்னா சாமி, பிரசங்கம் இவ்ளோ நீளம்? பாதி பேரு தூங்கிட்டாங்க’ என்று பங்குச்சாமியிடமே கேட்டவள் நான்.

அந்தப் பெயருக்காக இன்று ஒன்று சொல்ல வேண்டும். நோயலுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. தினமும் டிபன் டப்பாவோடு பெங்களூரு ரயில் ஏறுகிறான், சாயங்காலம் திரும்புகிறான். வேலை போனது குற்றமில்லை. உன்னிடம் மறைப்பதுதான் குற்றம். ‘நீயே சொல்லுடா’ என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறான், அவ்வளவுதான். நீ போன் பண்ணும் ராத்திரி நேரத்தில் அவன் பக்கத்திலேயே நிற்கிறான், அதனால் தபால்.

நீ என் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதற்காக உன்னை ஏமாற்ற மனசு வரவில்லை.

வினோலியா

சேலம்
23 ஜூன்

அன்புள்ள அத்தை,

‘ஆபீஸ் எப்படி இருக்கு?’ என்று நோயலிடம் மூன்று நாள் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் புது மேனேஜரைப் பற்றி அரை மணி நேரம் கதை சொன்னார்.

நயமாக எழுதப் பார்த்து நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். பட்டுன்னே சொல்கிறேன்: கல்யாணம் வேண்டாம்.

பெற்ற மகனைப் பற்றி இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! என் அம்மாகூட எழுதியிருக்க மாட்டார். சேலையை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்.

மரியா

சாம்பியன் ரீப்ஸ்
1 ஜூலை

மரியாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். நீ செய்தது சரி. நோயலிடமும் அதையேதான் சொன்னேன். இன்று அவன் ரயிலுக்குப் போகவில்லை.

நேற்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். வழியில் கடைக்காரி பார்வதம்மா பிடித்துக்கொண்டாள். ‘இன்னா பட்டக்கா, பட்டெல்லாம் கட்டிக்கினு? யாரு குடுத்தது?’

‘சேலத்துல இன்னொரு பட்டக்கா இருக்கா. அவ குடுத்தா’ என்றேன்.

வினோலியா