ஆலைக்குப் பின்னால் ஒரு கிணறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் ஆலையின் மரவள்ளி மாவில் செய்யும் பைகள் மண்ணுக்கும் நீருக்கும் நல்லவையா என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக நேற்று ஆலைக்குப் பின்னால் இருக்கும் கிணறுகளில் தண்ணீர் எடுக்கப் போனேன்.

அஞ்சலை என்பவரின் கிணற்றுத் தண்ணீர் புளித்து நாறியது.

"ஆலைக் கழிவும்மா. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுது. நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"சென்னைங்க" என்றேன். உங்கள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. நம் ஊர் வடக்கனந்தலில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே இத்தனை நாள் தலைநிமிர்ந்து நடந்தேன்?

பாதி வழியில் மனம் கேட்காமல் திரும்பிப் போய், ஆலை முதலாளியின் மகள் என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

"இத உங்க அப்பாகிட்ட குடு. இன்னா சொல்றாருன்னு கேட்டுக்கினு வா."

அந்தக் கிணறும் என் ஆய்வில் சேரும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொம்போடு வீட்டுக்கு வருகிறேன். அவருக்கு நீங்களே நேரில் வந்து பதில் சொல்லுங்கள், அப்பா. நானும் கூட வருகிறேன்.

உங்கள் மகள்