அறுபத்தெட்டு சதவீத ஈரம்

மார்ச் 24, திங்கள்

காலை ஆறரை. மண் ஈரம் 68. ஊரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன்.

"தண்ணி விடட்டுமா புள்ள?"

"வேண்டாங்க. அறுவத்தெட்டு இருக்குதுங்க."

"சேரி."

அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். நிலத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வாங்க என்று அவரிடம் சண்டை போட்டு, அனுப்பர்பாளையத்தில் இந்த ஒற்றை அறைக்கு நான் வந்து எட்டு மாதம். நான் வந்த பிறகு அறுபது தென்னங்கன்று நட்டிருக்கிறார். பிடிவாதம்! பொங்கலுக்குப் போன என் தம்பி அருள்குமார், ஒரு கன்றின் அடியில் இரண்டு கம்பி வைத்த கருவியைக் குத்திவிட்டு வந்தான். கம்பிக்குக் கம்பி கரண்ட் நன்றாகப் பாய்ந்தால் ஈரம், இல்லாவிட்டால் வறட்சி. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் எண் என் போனுக்கு வருகிறது.

ஏப்ரல் 3

அலாரத்துக்கு முன்பே விழித்துவிடுகிறேன். எண்ணுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். அந்த "சேரி"க்காக.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று துணிந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். காதில் விழாத மாதிரி, "எத்தன இருக்குது?" என்றார்.

மனுசனா இவரு? வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?

ஏப்ரல் 30

கம்பெனியில் செக்கிங் டேபிளில் பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தண்ணீர் விட வேண்டாம் என்கிறேன். மழை இல்லை. சித்திரை வெயில். எண் மட்டும் எப்படி இறங்காமலே இருக்கிறது? இடைவேளையில் அருளைக் கூப்பிட்டேன்.

"அது சாயப்பட்டறைத் தண்ணி எறங்குன மண்ணுதானக்கா? உப்பு இருந்தா கொஞ்சூண்டு ஈரத்துலயே கரண்டு நல்லாப் பாயும். மெஷின் ஏமாந்துரும். நான் அத யோசிக்கலக்கா."

நானும் யோசிக்கவில்லையே! அந்தக் கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் பத்து வருஷம் மல்லுக்கட்டியவள் நான். அறுபது கன்றையும் நானே கொன்றுவிட்டேனா? இனி எந்த முகத்தோடு அவரிடம் போவது? போனில் சொல்லத் தைரியம் இல்லை. நாளை மே தின லீவு. முதல் பஸ்.

மே 1

கருவி குத்தியிருந்த கன்று சருகாக நின்றது. குனிந்து தொட்டேன்; நொறுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் — மற்ற ஐம்பத்தொன்பதும் பச்சை. பாத்தியெல்லாம் நனைந்து கிடக்கிறது.

"மெஷின் பொய் சொல்லுதுன்னு மொத வாரமே தெரியும். மண்ணத் தொட்டாத் தெரியாதா?" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம் எதுக்குங்க தெனமும் என்னையக் கேட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இது ஒண்ண மட்டும் காய உட்டுட்டேன். தண்ணி ஊத்துனா எண்ணு ஏறும், நீ வேண்டாம்னும் நான் தண்ணி விடறதக் கண்டுபிடிச்சுருவ. மெஷின் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் நீ எதுக்குக் கூப்புடுவ?"

ஒரு கன்றையே சாகவிட்டிருக்கிறார், பாவி. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தார்.

மே 10, சனி

கம்பெனி வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து என்னை எங்கள் ஊர் ஸ்டாப்பில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி.

"அங்கிருந்துன்னா ஒரு மணி நேரம் ஆகுமேங்க?" என்றார்.

ஆகட்டுங்க என்றேன்.