புகை பார்க்கும் பக்கம்

இசைவாணி அப்பாவுக்கு,

போனில் மணி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சூரத்தில் மழை உண்டா? இங்கே ஆவணி மழை இடியோடுதான் வருகிறது. இசைக்கு உங்கள் சைக்கிள் எட்டிவிட்டது.

விருதுநகரில் சுற்றுச்சூழல் கல்விப் பயிற்சிக்குப் போய் வந்தேன். பிள்ளைகளை மரத்தடியில் கண்ணை மூடி உட்காரவைத்து, காதில் விழும் இயற்கை ஒலிகளைச் சொல்லச் செய்ய வேண்டும் என்றார்கள். பள்ளியில் செய்து பார்த்தேன். மைனா, அணில், காற்று என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். திடீரென்று தூரத்தில் ஓர் இடி. அத்தனை பேரும் எழுந்து, அவரவர் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

“பொகையக் காணோம், இடிதான் டீச்சர்” என்றாள் ஒருத்தி. அப்புறம்தான் உட்கார்ந்தார்கள்.

அடுத்த பயிற்சியில் எழுந்து சொன்னேன்: “எங்க பிள்ளைக முதல்ல வானத்தப் பாக்கட்டும் சார். பொகை இல்லன்னு தெரிஞ்ச பெறகு கண்ண மூடச் சொல்லுவோம்.” இனி மற்ற ஆசிரியர்களுக்கு அந்தப் பாடத்தை நானே நடத்த வேண்டுமாம். நீங்கள் இருந்திருந்தால், “ஏட்டி, பெரிய ஆளாயிட்டியே” என்று சிரித்திருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. அந்த இடிக்கு நானும் திரும்பினேன், திருத்தங்கல் ரோட்டில் உங்கள் பழைய கம்பெனிப் பக்கம். நீங்கள் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் சூரத்துக்குக் கிளம்பி மூன்று தீபாவளி போய்விட்டது. பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நான்தான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வீட்டுக்காரி