கௌசிக்குப் பேய் பிடிக்கவில்லை

நம் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்து வீட்டில் யாரோ காய்ந்த மிளகாயை அடுப்பில் தவறவிட்டுவிட்டார்கள். காலையிலேயே லயம் முழுக்க இருமல். எனக்கு இருமல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரம் வந்தால் கூடவே உங்கள் ஞாபகமும் வந்துவிடுகிறது. இருந்த வரைக்கும் ஊரோடு சண்டை பிடித்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்து அப்படியே போய்ச் சேர்ந்தீர்களே, நல்ல புருஷன்தான் போங்கள்!

பேய் பிடித்திருக்கிறது என்று இதே மாதிரி மிளகாய்ப் புகையை நம் மகள் கௌசியின் முகத்தில் போட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். யாருமில்லாத மூலையைப் பார்த்து, "சும்மா இரு, சும்மா இரு" என்று கத்திக்கொண்டே சுவரில் தலையை மோதுவாள். நெற்றி பிளந்து ரத்தம் வழியும். "வயசுக்கு வர்ற நேரம், முனி அடிச்சிருச்சு" என்றார் உங்கள் அண்ணன். நாமும் நம்பினோம். அந்த வயதுப் பிள்ளை தனியாகப் பேசினால் நம் லயங்களில் வேறு என்ன சொல்வார்கள்?

பேயோட்ட உங்கள் அண்ணனே கோடாங்கியைக் கூட்டி வந்தார். நட்டநடுப் பகலில், கோயில் வாசலில், உடுக்குச் சத்தம் காதைக் கிழித்தது. அண்ணன் பிள்ளையின் முடியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று கோடாங்கி சாட்டையை இறக்கினான். பேரைச் சொன்னால்தான் பேய் இறங்குமாம். சட்டை கிழிந்தது, பிறகு தோல் கிழிந்தது. "வலிக்குதும்மா!" என்று அலறினாள். பாய்ந்த என்னை இரண்டு பெண்கள் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேனகா" என்றாள் கௌசி. சாட்டை நின்றது. "ஒன்னு இறங்கிருச்சு. இன்னும் யாரு உள்ள இருக்கா?" மறுபடியும் அடி. "பிரியா... தர்ஷினி..."

அப்போதுதான் கத்தினீர்கள். "டேய், நிறுத்துடா! அதெல்லாம் அவ கிளாஸ் பிள்ளைங்கடா! எல்லாம் உசுரோட இருக்குதுங்கடா! அடி தாங்காம வாயில வந்த பேரச் சொல்றாடா எம் புள்ள!"

சாட்டையைப் பிடுங்கிக் கோடாங்கியின் முகத்திலேயே வீசினீர்கள். தடுக்க வந்த அண்ணனின் பல் உடைந்தது. அவர் வீசிய கல்லில் உங்கள் புருவம் கிழிந்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினீர்கள். கண்டி போய்ச் சேரும்வரை உங்கள் சட்டையில் இருந்தது யாருடைய ரத்தம் என்றே எனக்குத் தெரியவில்லை.

"ஆர் அடிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா கேட்டார். "நாங்கதான்" என்று தலையைக் குனிந்தீர்கள். வாட்டில் தங்கவைத்து, ரத்தம் பார்த்து, தலையைப் படம் எடுத்து, பல நாள் பேச்சுக் கொடுத்த பிறகுதான் அவர் சொன்னார்: "இது மனச்சிதைவு நோய். இவ்வளவு சின்ன வயசில வாறது குறைவு. குரல் கேக்குது எண்டு பிள்ளை பொய் சொல்லேல்ல, அவவுக்கு உண்மையாவே கேக்குது. நாங்கள் சொல்லாமல் மருந்தை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

மருந்தில் பிள்ளை தூங்கித் தூங்கி விழுந்தாள், உடம்பு ஊதியது, வாயில் எச்சில் வழிந்தது. "புள்ளைய மரமாக்கிட்டானே" என்று அண்ணன் வாசலில் நின்று ஏசினார். நீங்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வெளியே போனீர்கள். "மருந்துல கை வச்சா வெட்டிருவேன்" என்றீர்கள். வெட்டியும் இருப்பீர்கள், பாவி மனுஷன்! டொக்டரம்மா அளவை மாற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை எழுந்து மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

உங்களைப் புதைத்துவிட்டு வந்த வாரம் அவள் மூலையைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, அப்பா பேசுறாரு."

பயமில்லாமல் அவள் ஒரு குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் அண்ணன் அழுதுகொண்டே ஓடிவந்தார். "தம்பி வந்திருக்கான், என்னா சொல்றான்னு கேளு!" என்றார். கேட்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? கடைசியில் ரொம்ப வலித்ததா, என் மேல் கோபமா... எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு தடவை நான் கேட்டால் போதும், எனக்காகவே அவள் தினமும் அந்தக் குரலுக்குக் காது கொடுப்பாள். பிறகு பழைய குரல்களும் வரும், தலை சுவரில் மோதும். அண்ணனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாளே பிள்ளையைக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போனேன். மருந்தைக் கூட்டினார்கள்.

சில வாரம் கழித்துத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அம்மா, அப்பா இப்ப பேசுறதில்ல."

"நல்லதுடி" என்றேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.