பாதி விலைக் கூடாரம்

நவம்பர் 14

அன்புள்ள அண்ணி,

நலமா? நான் நலம். அம்மாவும் முழங்காலைத் தவிர மற்றபடி நலம்.

நாம் ஏறப்போகும் மலையில் போன் வேலை செய்யாது, இப்போதிருந்தே கடிதம் எழுதிப் பழகுவோம் என்று முடிவு செய்தவர் நீங்கள். எழுதுவது நான் மட்டும்.

செய்தி இதுதான்: கூடாரம் கிடைத்துவிட்டது. இருவர் படுக்கலாம். பாதி விலை. உறையில் ஒரு கிழிசல், அதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். கடைக்காரர் எந்த மலைக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"பாதையைப் போன மாசமே மூடிட்டாங்களேம்மா."

"அடுத்த வருஷத்துக்கு" என்றேன். போன வருடம் தூக்கப் பை வாங்கியபோதும் இதையேதான் சொன்னேன்.

வழக்கம்போல உங்கள் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். இங்கே வந்தால் அம்மா ஆரம்பித்துவிடுவாள். அடுப்பு, தலைவிளக்கு எல்லாம் இருக்கும் பரணில் இதையும் போட்டு வையுங்கள். அண்ணன் முணுமுணுத்தால் என் தலையில் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை டிவியில் பயண நிகழ்ச்சி பார்த்தீர்களா? நம் தாடிக்காரர் பனியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் மனித வாடையே இல்லை என்கிறார். நான் உங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலமாக இருந்தால், "அப்ப கேமராவை யார் பிடிக்கிறா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே நானே கேட்டு நானே சிரிக்க வேண்டியிருக்கிறது.

காலணி மட்டும் பாக்கி. அடுத்த தள்ளுபடி வரட்டும்.

உங்கள்
வாலு


ஜனவரி 9

என் வாலுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள். நியாயம்தான்.

உறையின் பின்னால் இருக்கும் முகவரி புதிது. இனி அதற்கே எழுது.

ஒரே அறை. கீழே சலவைக் கடை, அதனால் பகல் முழுக்கத் தரை இளஞ்சூடாக இருக்கிறது. கட்டில் இல்லை. ஜன்னலுக்குத் திரையும் இல்லை. எதிர்க் கட்டடத்தில் ஒரு தாத்தா பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்க்கிறார். அதனால் கூடாரத்தை அறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். நான்கு மூலையிலும் புத்தகக் கட்டு. உள்ளே தூக்கப் பை. மின் இணைப்பு வரும்வரை தலைவிளக்கு. உன் அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு முட்டை வேகும். கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

நீ வாங்கியது ஒன்றும் வீண்போகவில்லை.

உன் அண்ணன் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, திட்டியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டுத் தனித்தனியாகத் தட்டைக் கழுவி வைப்பதை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவாய். குறை சொல்லவில்லை. சத்தம் எனக்கும் வேண்டியிருந்தது.

அவரே உன்னிடம் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லியிருக்க மாட்டார்.

அன்புடன்
அண்ணி


ஜனவரி 21

அண்ணி,

அவன் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நான்தான் போன் செய்தேன். "ஆமா" என்றான். கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றான். அவ்வளவுதான்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. உங்களிடம் கட்டில்கூட இல்லை என்று சொன்னேன், அவள் மனம் இளகட்டும் என்று. கூடாரத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"அடி சக்கை. தனிக்குடித்தனத்துக்குச் சாமான் பூரா நாத்தனாரே வாங்கிக் குடுத்திருக்கா. விளக்கு முதக்கொண்டு."

இரண்டு நாளாக அந்த வார்த்தை காதில் ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் பல் ஆய்வகத்தில் ஒரு பல் செட்டைக் கீழே போட்டு உடைத்தேன்.

நான் ஊர் சுற்றத்தான் வாங்கினேன், நீங்கள் வீட்டைவிட்டுப் போக இல்லை. போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனிடம் சொல்ல முடியாது, சரி. என்னிடமுமா?

சாமான்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மா சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வாலு


பிப்ரவரி 20

வாலு,

எல்லாவற்றையும் துடைத்துக் கட்டி வைத்துவிட்டேன். கட்டில் வந்துவிட்டது, மின்சாரமும் வந்துவிட்டது. அடுப்பின் ஒரு கால் மட்டும் வளைந்திருக்கிறது.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். நான் போகாமல் அங்கேயே இருந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். கடைகளில் நவம்பரில் ஏன் விலை குறைக்கிறார்கள்? பாதை மூடிவிடுவதால். பாதை திறந்திருக்கும் மாதங்களில் எதுவும் பாதி விலைக்குக் கிடைக்காது. நான்கு வருடமாக நாம் மூடிய பாதைக்குச் சாமான் சேர்த்திருக்கிறோம். நீ கணக்கில் புலி, உனக்கு இது தெரியாமலா இருந்தது? எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகள் போய்விடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். அந்த வீட்டில் என் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மே மாதம் பாதை திறக்கிறது. இரண்டு பேருக்கு இடம் பதிந்திருக்கிறேன். வழி நெடுகத் தங்கும் விடுதிகள் உண்டாம். கூடாரமே தேவையில்லையாம். தாடிக்காரர் இதை நம்மிடம் மறைத்துவிட்டார்.

காலணி வாங்கிவிட்டேன். முழு விலை.

வக்கீலிடம் காகிதங்கள் போய்விட்டன. உன்னைக் கூப்பிட எனக்கு இனி உரிமை என்று ஒன்றும் இல்லை. உன் அண்ணனின் மனைவி என்பதைத் தாண்டி உனக்கு நான் யாராகவும் இருந்ததில்லை. வராவிட்டால் புரிந்துகொள்வேன். தனியாகவும் போவேன்.

அன்புடன்


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணி,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை. இதுவே இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியும். போய் வந்துவிட்டால் அப்புறம் நமக்குள் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று பயம்.

சாமான்களை அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்.

நானும் காலணி வாங்கினேன். பழக வேண்டுமே என்று வீட்டுக்குள் போட்டு நடந்தேன். அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"யாருடி அது, போலீஸ்காரன் மாதிரி?"

"நான்தான்."

"எங்க போற?"

"மலைக்கு. அண்ணியோட."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரச் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

"என்னைக் கேக்காமலேவா?"

"இப்ப சொல்றேன்ல."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள், மலையைப் பற்றி இல்லை.

எனக்கு லீவு கொஞ்சம்தான் கிடைத்தது. முதல் விடுதிவரை வருகிறேன். மறுநாள் நீங்கள் மேலே ஏறுங்கள், நான் கீழே திரும்பிவிடுகிறேன். முழுப் பாதையும் வருகிறேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

அண்ணனிடமும் போனில் சொன்னேன். மறைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"பஸ்லயா போறீங்க?" என்றான்.

"ஆமா."

"வளைவு ஏறினா அவளுக்குக் குமட்டும். ஜன்னல் சீட்டை அவளுக்குக் குடு."

இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.

வாலு